முதலில் மடை, மன்னன் பிறகு

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்தம் சொல்வது எங்கள் வேலை. அண்மைக் காலமாக எங்களிடம் வருகிறவற்றில் ஃபேன்டசி நாவல்கள் கூடிக்கொண்டே போகின்றன. சந்தோஷம்தான். ஒவ்வொன்றோடும் ஒரு வரைபடம் இணைந்திருக்கிறது: வடக்கே பனிமலை, நடுவே பாலைவனம், கிழக்கே மர்மத் தீவு, தெற்கே ஒரு இருள்வனம். கூடவே நாற்பது தலைமுறை அரச வம்சாவளி, ஆறு தெய்வங்கள், மூன்று மந்திரப் பள்ளிகள். இவ்வளவும் யோசித்தவரிடம், தலைநகரத்தில் ஐப்பசி மாதம் ஒரு சாதாரண வீட்டில் என்ன உலை கொதிக்கிறது, அந்த அரிசி எந்த வயலில் விளைந்தது, அந்த வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டது யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

நாங்கள் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: உலகத்தைத் தண்ணீரிலிருந்து கட்டுங்கள். மழை எங்கே பெய்கிறது, எந்த வழியாக இறங்குகிறது, யார் மறிக்கிறார்கள், யாருக்குக் கடைசியில் கிடைக்கிறது என்று முடிவாகிவிட்டால் வரி, போர், சாமி, மந்திரம், ஊர்ப்பெயர் எல்லாம் அதன் பின்னால் வந்துவிடும். அரசனிலிருந்து தொடங்கியவர்கள் பெரும்பாலும் அறுபதாம் பக்கத்தில் முட்டி நிற்கிறார்கள். அரசன் ஏன் பணக்காரன், எதிரி ஏன் படையெடுத்தான் என்பதற்குக் காரணம் தேடி அங்கேதான் அலைய வேண்டிவரும். இதற்குப் பார்த்துப் படிக்க வேண்டிய மாதிரி நம் வாசலிலேயே ஓடுகிறது.

முதலில் காகிதம். ஓர் ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, ஒரு சென்டிமீட்டர் என்றால் ஐந்து கிலோமீட்டர் என்று மூலையில் எழுதுங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். வளைவு நெளிவையெல்லாம் நிமிர்த்தி வைத்தாலும் அந்தத் தாளில் 26 சென்டிமீட்டருக்குள் அடங்கும். அந்த 26 சென்டிமீட்டரில் 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலை இருக்கிறது, யானை நடமாடும் மழைக்காடு, அருவி, இருபோக நெல்வயல், குளத்துப் பாசனம், கொஞ்சம் விலகினால் மானாவாரிக் கரிசல், செம்மணல் தேரி, உப்பளம், முத்துக்குளித்த கடல் எல்லாம் இருக்கின்றன. இதற்கு மேல் ஒரு நாவலுக்கு என்ன வேண்டும்?

பெரிய கண்டம் வரைந்தால் என்ன கெடுகிறது என்று சொல்லிவிடுகிறோம். நல்ல பாதையில் மூட்டை முடிச்சோடு நடக்கிறவர் ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் போவார். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி 20, 25. வண்டி வாகனத்தோடு நகரும் படை 15 முதல் 20 தாண்டினால் அதிசயம். உங்கள் கதாநாயகி 1,500 கிலோமீட்டர் தாண்டிப் போக வேண்டுமென்றால் அது இரண்டு மாத நடை. இரண்டு மாதத்தை எழுத முடியாது என்பதால் 'பல நாட்கள் பயணித்து' என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறீர்கள். அந்த வரியோடு தூரத்துக்கு மதிப்பு போயிற்று. பாபநாசத்தில் கிளம்பிய வண்டி கடலைத் தொட ஐந்தாறு நாள் என்று வைத்தால், மூன்றாம் நாள் இரவு அவள் எந்த ஊர்ச் சத்திரத்துத் திண்ணையில் படுத்திருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

தாளில் மலையை வரையும் முன் காற்றை வரையுங்கள். பருவக்காற்று எந்தப் பக்கத்திலிருந்து ஈரத்தைக் கொண்டுவருகிறது என்று அம்புக்குறி போட்டால் மலையின் எந்தப் பக்கம் பச்சை, எந்தப் பக்கம் வறட்சி என்பது தானாக விழும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைத்தான் குற்றாலத்தில் சாரலாகத் தூவுகிறது. அதே நாளில் திருநெல்வேலி டவுனில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் மலையில் பெய்தது ஆற்றில் வருவதால் டவுனைச் சுற்றிக் கார் நெல் விளையும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குளங்களை நிரப்ப, அதில் பிசானம் என்ற அடுத்த போக நெல் விளையும். இரண்டு மழை, இரண்டு போகம், இரண்டு வசூல் காலம். உங்கள் உலகில் ஒரே மழைக்காலம்தான் என்றால் அதுவும் சரி. அப்போது ஒரு மழை பொய்த்தாலே பஞ்சம், நாவல் முழுவதும் தானியக் களஞ்சியம்தான் அரண்மனையைவிடக் காவல் மிகுந்த கட்டடம். கைப்பிரதியில் அது தெரிய வேண்டும்.

மலைத்தொடர் வரைந்தால் கணவாயையும் வரையுங்கள். நம் மலையில் செங்கோட்டைப் பக்கம் ஒரு வழி, ஆரல்வாய்மொழியில் ஒரு வழி. காற்று அந்தச் சந்து வழியாகத்தான் சீறிக்கொண்டு வரும். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்கு அதுவே காரணம். சரக்கும் படையும் கல்யாண உறவும் அதே வழிதான். உங்கள் கோட்டை, சுங்கச்சாவடி, ஒற்றர், இருமொழி பேசும் ஊர் ஆகிய நான்கும் அங்கே போய் உட்காரட்டும். நட்டநடுச் சமவெளியில் எதற்குக் காவல் என்று தெரியாமல் நிற்கும் கோட்டைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

ஆறு வரைவதில் மூன்று தப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆறு கீழே போகப் போக இரண்டாகப் பிரிவது முதல் தப்பு. ஆறுகள் சேரும், பெரும்பாலும் முகத்துவாரத்து வண்டல் நிலத்தில்தான் கிளை பிரியும். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு எல்லாம் தாமிரபரணியில் வந்து சேர்கின்றன, சிற்றாறு சீவலப்பேரியில் சேர்கிறது. எதுவும் நடுவழியில் பிய்த்துக்கொண்டு போவதில்லை. இரண்டாவது, ஓர் ஏரியிலிருந்து நாலு திசைக்கும் ஆறு கிளம்புவது. தண்ணீர் இருப்பதிலேயே பள்ளமான ஒரு வாயைத்தான் தேடும். மூன்றாவது, மலைமுகட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஆறு அந்தப் பக்கம் இறங்குவது. மந்திரத்தால் அப்படி ஓடுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த மந்திரத்தைத் தெரிந்துதான் வைத்தீர்களா, பிறகு மாட்டிக்கொண்டு வைத்தீர்களா என்பது வாசகருக்குப் புரிந்துவிடும்.

இனி மடை, அதாவது பாசனத் தண்ணீரைத் திறந்துவிடும் வாய். இங்கே கொஞ்சம் நிதானமாகவே போவோம், நாவலின் எலும்பு இங்கேதான் இருக்கிறது.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி அணை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்றவை அதற்கு முந்தைய அரசர்கள் காலத்தவை. இவை தண்ணீரைத் தேக்கிவைக்கும் பெரிய அணைகள் கிடையாது. ஆற்று மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பக்கத்துக் கால்வாயில் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தலைக்குமேல் வழியவிடும் தாழ்ந்த கல்லணைகள். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று கால்வாய்கள் ஆற்றோடு ஒட்டியே பல மைல் போகின்றன. கால்வாய் சில இடங்களில் வயலுக்கு நேரே பாயும், சில இடங்களில் குளத்தை நிரப்பும். குளம் நிரம்பினால் மறுகால் (மிகுநீர் வழிகிற வாய்) பாய்ந்து அடுத்த குளம், அதன் மறுகால் அதற்கடுத்த குளம்.

இந்தச் சங்கிலியை அப்படியே உங்கள் தாளில் எட்டுக் கோடுகளாகப் போடுங்கள். முதல் அணைக்காரனுக்குத் தண்ணீர் எப்போதும் உண்டு. எட்டாவது அணைக்காரன் வானத்தையும் பார்க்க வேண்டும், மேலே இருக்கும் ஏழு பேருடைய மனசையும் பார்க்க வேண்டும். உங்கள் நாவலின் அரசியல் முழுவதும் இந்த வரிசையில் இருக்கிறது. மேல்மடை ஊர் பழைமைவாதியாக இருக்கும்; எதுவும் மாற வேண்டாம் என்பது அதற்கு லாபம். கடைமடை ஊரில் புதிய மதம் பரவும், கலகம் பிறக்கும், ஆட்கள் கப்பல் ஏறுவார்கள். எதிரி நாட்டு ஒற்றன் பணத்தோடு வந்து இறங்குவதும் அங்கேதான்.

கிட்டப் போய் ஒரே ஒரு குளத்தைப் பாருங்கள். நீர்ப்பரப்பு 100 ஏக்கர் என்று வைப்போம். மறுகால் மேல் யாரோ இரவோடு இரவாக மண்மூட்டை அடுக்கி ஒரு அடி உயர்த்துகிறார்கள். குளத்தில் 100 ஏக்கர்-அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். ஒரு போக நெல்லுக்கு ஏறத்தாழ நான்கு அடி, அதாவது 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்தால், அந்த ஒரு அடி 25 ஏக்கர் நெல். அதே ஒரு அடியால் குளத்தின் உள்வாயில், அதாவது தண்ணீர் ஏறாத உட்பக்க ஓரத்தில், விதைத்தவனுடைய பயிர் மூழ்கும், கீழ்க்குளத்துக்கு மறுகால் பத்து நாள் தள்ளிப்போகும், நாற்று முற்றிப்போகும். மண்மூட்டை அடுக்கியவன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் வயலும் காய்ந்துதான் இருக்கிறது. இப்படி ஒரு அடி உயரத்துக்குள் ஒரு கொலை, ஒரு பஞ்சாயத்து, ஒரு காதல் முறிவு, இரண்டு தலைமுறைப் பகை எல்லாவற்றையும் வைக்கலாம். இருள்வனத்து அரக்கனை இரண்டாம் பாகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உச்சக்கட்டத்தில் அணை உடைப்பது எல்லோருக்கும் பிடித்த காட்சி. உடைக்கலாம், ஆனால் மண்கரை எப்படி உடையும் என்று தெரிந்து உடையுங்கள். ஒன்று, மறுகால் போதாமல் தண்ணீர் கரைக்கு மேல் வழிந்து வெளிச்சரிவை அரிக்கும். அல்லது எலி வளை, நண்டு வளை வழியாகக் கசிவு தொடங்கி மண்ணை உள்ளுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போகும். கசிவு தெளிந்த தண்ணீராக வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, கலங்கி வந்தால் கரை கரைகிறது என்று அர்த்தம். காவல் இருக்கிற கிழவனுக்கு இது தெரியும், இளவரசனுக்குத் தெரியாது. அந்த இடத்தில் காட்சி தானாக எழும். மேல்குளம் உடைந்தால் கீழ்க்குளம் தாங்காது, சங்கிலி முழுக்கப் போகும். மறுநாளை யாரும் எழுதுவதில்லை. 30 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம், சராசரி 10 மீட்டர் அகலத்துக்கு உடைப்பு என்றால் 1,200 கனமீட்டர் மண். வெட்டிச் சுமந்து கொட்டுவதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 2 கனமீட்டர் என்று போட்டாலும் 600 ஆள் கூலி. அதை அடுக்கடுக்காகக் கொட்டிக் கெட்டிக்காமல் விட்டால் அடுத்த மழையில் அதே இடம் திரும்பப் போகும். போருக்குப் பிறகு அந்த 600 ஆள் எங்கிருந்து வருவார்கள், கூலி பணமா நெல்லா, யார் கொடுப்பது? உங்கள் இரண்டாம் பாகம் இங்கே தொடங்குகிறது.

சோற்றுக் கணக்கு. ஒருவருக்கு ஆண்டுக்கு 200 கிலோ அரிசி, அதாவது சுமார் 300 கிலோ நெல். தலைநகரில் 20,000 பேர் என்றால் 6,000 டன் நெல். பழைய முறை விவசாயத்துக்கு ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விளைந்ததில் பாதி விளைவித்தவர் சாப்பாட்டுக்கும் விதைக்கும் களத்துக் கூலிக்கும் போய்விடும். மிச்சப் பாதியில் நகரம் சாப்பிட ஒருபோகமானால் 20,000 ஏக்கர், இருபோகமானால் 10,000 ஏக்கர் வேண்டும். இப்போதைய கணக்கில் தாமிரபரணிப் பாசனத்தின் மொத்த ஆயக்கட்டு, அதாவது தண்ணீர் பாயும் நிலம், 86,107 ஏக்கர். ஆக, வெறும் 20,000 பேர் நகரமே இப்படி ஓர் ஆற்றில் ஒன்பதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஐந்து லட்சம் பேர் வாழும் பொன்னகரம் என்று எழுதுகிறவர்கள் இப்படி மூன்று ஆறுகள் காட்ட வேண்டும், அல்லது கடல்வழித் தானியக் கப்பல் காட்ட வேண்டும். கப்பல் என்றால் எதிரிக்கு அதை மறிக்கத் தெரியும்.

படைக்கும் இதே கணக்குதான். 1,000 வீரர், கூடப் போகும் சமையல்காரர், கொல்லர், வண்டிக்காரர் 500. ஆளுக்கு 700 கிராம் அரிசி என்றால் நாளுக்கு ஒரு டன்னுக்கு மேல். பத்து நாளுக்கு பத்தரை டன். வண்டிக்கு 600 கிலோ ஏற்றினால் 18 வண்டி, 36 மாடு. மாட்டுக்கு நாளுக்கு ஆறேழு கிலோ வைக்கோல், அதைச் சுமக்க மேலும் வண்டி. குதிரை 100 சேர்த்தால் தண்ணீர் மட்டுமே நாளுக்கு 3,000 லிட்டர். அதனால் படை எப்போது கிளம்பும் என்பது தளபதியின் வீரத்தைப் பொறுத்ததில்லை. பிசானம் அறுத்து, வயல் காய்ந்து, வைக்கோல் படப்பு போட்டு, ஆற்றில் இறங்கிக் கடக்கிற அளவு தண்ணீர் வற்றிய பங்குனி, சித்திரையில் கிளம்பும். ஐப்பசியில் கரிசல் மண்ணில் வண்டியை இறக்கினால் சக்கரத்தில் மண் அப்பி அப்பி மாடு படுத்துவிடும். ஐப்பசிப் போர் எழுதியே தீருவேன் என்றால், அந்தச் சேற்றால் யார் தோற்றார்கள் என்று எழுதுங்கள்.

நெல் விளையாத இடத்தை வெறுமையாக விடாதீர்கள். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரியில் காற்று செம்மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும், பனை மட்டும் நிற்கும். அந்தப் பனையிலிருந்து ஒரு பொருளாதாரமே எழுந்தது. பாளையை இடுக்கியால் நசுக்கி, நுனியைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் புளித்துக் கள். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் லேசாகப் புளிக்கும், எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி சிரட்டையில் இறுகாது. கூடினால் ருசி கெடும். ஒவ்வொரு நாளும் பாளையைச் சீவாவிட்டால் ஊற்று அடைத்துக்கொள்ளும், அதனால் பனையேறிக்குக் காய்ச்சல் வந்தாலும் லீவு கிடையாது. உங்கள் உலகின் மந்திர மூலிகை எதுவானாலும் இந்த அளவுக்கு எழுதுங்கள்: எதில் பிடிப்பது, எதைத் தடவுவது, குறைந்தால் என்ன, கூடினால் என்ன, ஒரு நாள் தவறினால் என்ன. பத்து வரி போதும்.

உப்பு, முத்து பற்றிச் சுருக்கமாக. உப்பு மேட்டுக்கு ஏறும், அரிசி கடலுக்கு இறங்கும். இரண்டும் எதிரெதிரே சந்திக்கிற இடத்தில் சந்தை. மழைக்காலத்தில் உப்பளம் ஓடாது. முத்தை வைத்துப் பணக்கார நாடு கட்டுகிறவர்கள், மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் எல்லா ஆண்டும் சிப்பி விளைந்ததில்லை, வருடக்கணக்காக முத்துக்குளிப்பே நடக்காமல் கிடந்ததும் உண்டு என்பதைக் கவனியுங்கள். காலில் கல் கட்டி இறங்கி அள்ளி வந்தவுடன் முத்து கையில் விழாது. சிப்பியைக் கரையில் குவித்து, அழுகவிட்டு, கழுவித் தேட வேண்டும். முத்து நகரத்துக்கு வாசனை உண்டு, அது மல்லிகை வாசனையாக இருக்காது.

ஒரு வரைபடம் முடிந்ததும் அதே தாளில் இன்னொன்று போடுங்கள், ஆயிரம் ஆண்டுக்கு முந்தையது. சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர்போன கொற்கைத் துறைமுகம் இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. பிறகு பழையகாயல் எழுந்தது, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. துறைமுகம் நகர்ந்தால் வணிகக் குடும்பங்கள் நகரும், கோயில் மட்டும் பழைய இடத்தில் நிற்கும். உங்கள் 'மறைந்த நகரம்' சாபத்தால் மறைய வேண்டியதில்லை, வண்டலால் மறையட்டும். மேலே சாபக்கதையை ஊரார் கட்டிக்கொள்வார்கள். இடுகாட்டுக்கும் இதே விதி. ஆதிச்சநல்லூரில் ஆயிரக்கணக்கில் தாழி புதைத்தது ஆற்றங்கரைச் சரளை மேட்டில்தான். நெல் விளையும் நஞ்சையை இறந்தவர்களுக்கு யாரும் எளிதில் விட்டுத்தருவதில்லை.

மந்திரத்துக்கு வருவோம். மந்திரத்துக்கு எல்லை வேண்டும், விலை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். விலையை எப்படி நிர்ணயிப்பது என்று யாரும் சொல்வதில்லை. மடையைக் கொண்டு அளந்து பாருங்கள். ஒரு மந்திரவாதியால் அந்த 100 ஏக்கர் குளத்தை ஒரு அடி உயர்த்த முடியும் என்றால் அவள் ஒரு போகத்துக்கு 25 ஏக்கர் நெல், அதாவது 15 டன், ஏறத்தாழ 50 பேரின் ஓராண்டுச் சாப்பாடு. அப்படிப்பட்டவளைக் காட்டுக் குடிசையில் தனியாக யார் விட்டுவைப்பார்கள்? கடைமடை ஊர் அவளுக்குக் கோயில் கட்டும், அல்லது கதவைப் பூட்டி வைக்கும். மேல்மடை ஊர் அவளைக் கொல்லப் பார்க்கும். மந்திரம் செய்தால் ஆயுள் ஒரு வருடம் குறையும் என்று விதி வைத்தீர்களானால், 50 பேர் சோற்றுக்கு ஒரு வருட ஆயுள் என்பது ஊர்க்கூட்டத்தில் பேசப்படுகிற விலையாகிவிடும். அந்தக் கூட்டத்தை எழுதுங்கள். தீப்பந்து எறிகிற சண்டையைவிட அதில் கை நடுங்கும்.

தெய்வங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். சுடலைமாடனையும் இசக்கியையும் பெயர் மாற்றி அப்படியே தூக்கிவந்து அரக்கர் வேடம் போட்டுவிடுகிறீர்கள். அவை இன்றும் கொடை வாங்குகிற சாமிகள், வீட்டில் ஒருவர் பெயராக வாழ்கிறவர்கள். உருவத்தை விட்டுவிட்டு அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். யார் எல்லையில் நிற்கிறார், என்ன வாங்குகிறார், வாங்காமல் போனால் என்ன, அவர் கதையைப் பாடும் உரிமை யாருக்கு? கணியான் கூத்தில் அண்ணாவி பாட, உச்சமும் மந்தமுமாக இரண்டு மகுடப் பறைகள் ஒலிக்கும். வில்லுப்பாட்டில் வீசுகோலும் குடமும் உடுக்கையும். எந்தச் சடங்குக்கு எந்த வாத்தியம் என்று உங்கள் உலகிலும் பிரித்து வைத்தால், தூரத்து ஒலியைக் கேட்டே ஊரில் என்ன நடக்கிறதென்று ஒரு பாத்திரம் சொல்லிவிட முடியும். பங்குனி உத்திரத்துக்குப் பிழைப்புத் தேடி எங்கெங்கோ போனவர்கள் குலசாமி சாஸ்தா கோயிலுக்குத் திரும்பி வருகிறார்களே, அதைப் போல் ஆண்டுக்கொரு நாள் எல்லோரும் ஒரு குளக்கரைக்கு வந்தாக வேண்டும் என்று விதி வையுங்கள். சிதறிய பாத்திரங்களைச் சந்திக்கவைக்கத் தற்செயலை நம்பியிருக்க வேண்டாம்.

சாதியைப் பற்றிக் கேட்பீர்கள். கற்பனை உலகில் சாதி வைத்தே தீர வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நிலம் யாரிடம், நாற்று நடுவது யார், மடையைத் திறப்பது யார், திறக்கச் சொல்வது யார் என்பதற்கு விடை இல்லாமல் நெல் விளையாது. நட்டவருக்கு நிலமும், நிலமுள்ளவர் காலில் சேறும் இல்லாத நீண்ட காலம் இந்தச் சீமைக்கு உண்டு. பழைய ராஜ்ஜியத்தின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடும் நாவல்கள் எங்களுக்குப் பொய்யாகவே படுகின்றன.

இரண்டு நிலா வைக்கிறவர்கள் பஞ்சாங்கம் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 28 நாள் சுற்று, இன்னொன்றுக்கு 20 என்றால் இரண்டும் சேர்ந்து அமாவாசையாவது 140 நாளைக்கு ஒருமுறைதான். திருடனுக்கும் கடற்காரனுக்கும் அந்த இரவு முக்கியம். நாலு அத்தியாயத்துக்குள் மூன்று முறை இருட்டு இரவு வந்தால் கணக்குத் தெரிந்தவன் புத்தகத்தை மூடிவிடுவான்.

ஊர்ப்பெயருக்கு நாக்கு சுளுக்கும் எழுத்துக்களைத் தேட வேண்டாம். நம் பக்கத்தில் ஆற்றோரம் நல்லூரும் மங்கலமும் அதிகம், கரிசலுக்குப் போனால் பட்டி, தேரிப்பக்கம் விளை. வீரவநல்லூர், கோவில்பட்டி, திசையன்விளை என்று சொன்னாலே மண் தெரிகிறது. உங்கள் உலகுக்கும் எட்டுப் பத்து விகுதி வகுத்து, ஒவ்வொன்றும் எந்த மண்ணுக்கு என்று முடிவு செய்யுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு ஊரைத் தப்பான இடத்தில் வையுங்கள். கடற்கரையில் ஒரு 'பட்டி' ஏன் இருக்கிறது என்ற கேள்வியில் ஒரு குடிபெயர்ச்சிக் கதை கிடைக்கும். அளவைகளுக்கும் அப்படியே. இந்தப் பக்கத்தில் 21 மரக்கால் நெல் ஒரு கோட்டை என்ற அளவு. நிலத்தையும் கோட்டை விதைப்பாடு என்றே சொன்னார்கள், அதாவது எவ்வளவு விதை பிடிக்கும் என்று நிலத்தை அளந்தார்கள். உங்கள் பாத்திரம் 'நாலு ஏக்கர்' என்று பேசினால் வருவாய் அலுவலகம்தான் ஞாபகம் வருகிறது.

பேச்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அரசன் மேடை நாடகத் தமிழ், மக்கள் டிவி சீரியல் தமிழ் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மேல்மடை, கடைமடை, கணவாய், கடற்கரை என்று நான்கு பேச்சு போதும். நான்கையும் இலக்கணப் பிழையால் வேறுபடுத்தாமல், விளிக்கிற முறையால் வேறுபடுத்துங்கள். யார் யாரை அண்ணாச்சி என்பார், யாரிடம் 'என்னவே' செல்லும், யார் முன்னால் அது செல்லாது என்பதில் பாதி உலகம் வந்துவிடும்.

இவ்வளவு குறிப்பும் நாவலுக்குள் வரக் கூடாது. காற்று, ஆறு, அணை வரிசை, சோற்றுக் கணக்கு, மாதவாரி வேலை, மந்திரத்தின் விலை, விகுதிப் பட்டியல் எல்லாம் சேர்ந்து பத்துப் பக்கக் கோப்பு ஒன்று உங்களிடம் இருந்தால் போதும். முதல் அத்தியாயத்தில் அதிலிருந்து நான்கைந்து தகவலுக்கு மேல் நுழைந்தால் வாசகர் பரீட்சைக்குப் படிப்பது போல் உட்கார்ந்துவிடுவார். எதை உள்ளே விடுவது என்று தடுமாறினால், அந்த இடத்தில் ஏதாவது ஒரு பாத்திரம் அதனால் கோபப்படுகிறதா என்று பாருங்கள். கோபப்பட்டால் எழுதுங்கள். மற்றதைக் கோப்பிலேயே விடுங்கள்.

தமிழ் மன்றப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வாசிப்புக் கூட்டத்தில் முதல் அத்தியாயத்தை வாசிக்கவிடும் முன் வரைபடத்தை எல்லோர் கைக்கும் கொடுங்கள். எழுதியவர் பேசக் கூடாது. மற்றவர்கள் தாளைப் பார்த்து, பஞ்சம் வந்தால் முதலில் எந்த ஊர் காலியாகும், படை எந்த வழியாக வரும் என்று சொல்லட்டும். எல்லோரும் ஒரே ஊரைக் காட்டினால் வரைபடம் சரியாக இருக்கிறது. ஆளுக்கொரு ஊரைக் காட்டினால் அத்தியாயத்தை ஒத்திவைத்துவிட்டு ஆற்றைத் திருத்தச் சொல்லுங்கள்.

எங்களுக்கு அனுப்புகிறவர்கள் வரைபடத்தைக் கைப்பிரதியின் கடைசியில் இணையுங்கள். அளவுகோல், வடக்குக் குறி, காற்றின் அம்பு ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். குளங்களுக்கு மறுகால் எந்தப் பக்கம் என்று சின்னக் கோடு போட மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
திருநெல்வேலியிலிருந்து
சில கைப்பிரதி வாசகர்கள்